கைத்தடியை மச்சானிடம் கொடுத்தேன்

கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, என் கைத்தடியை மச்சானிடம் கொடுத்தேன்.

"எதுக்கு?" என்றான்.

"சும்மா புடி. பொண்ணும் மாப்பிள்ளையும் கார்ல வர்றாங்க."

"வந்தா?"

"தடியோட பார்த்தா அவ்வளவுதான்."

அவன் தடியையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "என்னா மச்சான், கால் நல்லா இருக்கறவன் கையில தடியக் குடுத்துட்டு, நீ கைய வீசிக்கினு நிக்கற?" என்றான். ஆனாலும் வாங்கிக்கொண்டான். அன்று நடந்த அத்தனைக்கும் அதுதான் ஆரம்பம். தப்பு முழுக்க என்னுடையது என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் விலங்கியல் கற்பித்தவன். அண்ணாமலை நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சிதம்பரத்தில் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் மூட்டைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். என் மூட்டுகள் இரண்டும் தேய்ந்துவிட்டதாக டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னபோது மட்டும், படம் சரியாக விழவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மச்சான் என் மனைவியின் உடன்பிறந்தவன், என் வயதுதான். மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகு திட்டக்குடியிலிருந்து வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, என்னோடு இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுப் போவான். தடி வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். என் மகளுக்குத் தடி இருப்பதே தெரியாது.

தெரியக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. கடலூரில் இருக்கும் மகளுக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்திருந்தது. தினமும் காலை ரயிலில் வரப்போகிறாள். இரண்டு வயதுக் குழந்தையைப் பகல் முழுவதும் எங்கே விடுவது? என் வீட்டில் விடலாம், அல்லது ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கலாம். "அவ ஒரு நிமிஷம் உக்கார மாட்டாப்பா. பின்னாடி ஓட ஒங்களால முடியுமா?" என்று கேட்டாள். "ஏன் முடியாது?" என்றேன். நம்பிக்கை இல்லாமல்தான், போன மாதம் குழந்தையோடு வந்து ஒரு வாரம் என் வீட்டில் தங்கிப் பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் குளிக்கப் போகும்போது மட்டும் எழுந்தேன், அவள் வருவதற்குள் உட்கார்ந்தேன். தேர்வில் பாதி தேறிவிட்டேன். மீதிப் பாதியை மருமகன் தெரியாமல் வைத்துவிட்டார். "சனிக்கிழமை எல்லாரும் தீம் பார்க் போலாம் மாமா. பாப்பாவுக்கும் ஜாலியா இருக்கும்" என்றார். மகள் என் முகத்தையே பார்த்தாள். "போலாமே!" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே உற்சாகமாக வந்துவிட்டது.

பூங்கா, கடலூரிலிருந்து புதுச்சேரிப் பக்கம் போகும் சாலையில் இருந்தது. வாசலிலிருந்து பார்த்தால் ஊதா நிறத்தில் ஒரு சறுக்குக் குழாய், நாலு மாடி உயரத்துக்கு வளைந்து வளைந்து இறங்கியது. மச்சானுக்கு அதைப் பார்த்ததும் வாய் மூடவில்லை. மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினான். "இதுக்காவே பேரன்கிட்ட அரைக்கால் டவுசர் வாங்கியாந்திருக்கேன் மச்சான்" என்றான்.

அந்த நேரத்தில் மருமகன் வாசலில் இருந்த பணிப்பெண்ணிடம், "எங்க மாமாவுக்கு நடக்க முடியாது. வீல்சேர் கிடைக்குமா?" என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் மருமகன் 'மாமா' என்றால் நாங்கள் இரண்டு பேரும் திரும்புவோம். திரும்பினோம். கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் கை மச்சானைக் காட்டியது. தடி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தானே கால் சரியில்லை? மகள்கூட, "ஐயோ மாமா, எப்பலேர்ந்து? சொல்லவே இல்ல?" என்று மச்சானின் தோளைத் தொட்டாள்.

மச்சான் என்னிடம் மெதுவாகக் குனிந்தான். "உக்காரவா, ஓடிப்போவவா?"

"உக்காரு" என்றேன்.

பூங்காவில் இருந்தது ஒரே ஒரு வீல்சேர். அதில், இன்றும் மூன்று கிலோமீட்டர் நடந்து வயலைப் பார்த்துவிட்டு வருகிற ஆள் உட்கார்ந்தான். பணிப்பெண், "மெதுவா ஐயா, மெதுவா. கால இதுல வைங்க" என்று அவன் பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தார். அவன் வெட்கத்தில் நெளிந்ததை அவர் வலி என்று எடுத்துக்கொண்டார்.

எனக்கு எது துணை? குழந்தை வண்டி. பேத்தியை அதில் உட்கார வைத்து வாரைப் போட்டதும், "நான் தள்றேன், நீங்க ஃப்ரீயா வாங்க" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். நாலு சக்கரம், இடுப்பு உயரத்தில் கைப்பிடி, கைப்பிடிக்கு எதிராக முன்னால் பதினோரு கிலோ எடை. முதியோருக்கு நடைவண்டி என்று மருந்துக்கடையில் விற்கிறார்களே, அதைவிட இது மேல். முழு பாரத்தையும் அதன்மேல் போட்டுக்கொண்டு நடந்தேன். முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. குழந்தை தாத்தாவைத் தாங்கிக்கொண்டு போகிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு அம்மாள் தன் கணவரிடம், "பாருங்க, பேத்திய எப்புடிப் பாசமாத் தள்ளிட்டுப் போறாரு. நீங்களும் இருக்கீங்களே" என்றார். அந்தக் கணவர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். நான் பணிவாகச் சிரித்தேன். பாராட்டை வாங்கிக்கொள்வதில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

சிரமம் குழந்தையால் வந்தது. அவளுக்கு இறங்க வேண்டும். சுற்றிலும் எல்லாக் குழந்தைகளும் ஓடுகின்றன, இவள் மட்டும் வாருக்குள். "எங்கு, எங்கு" என்றாள். இறங்கு என்பது அவள் வாயில் அப்படித்தான் வரும். இறக்கிவிட்டால் வண்டியின் முன்பக்கம் காலி. நான் சாய்ந்தால் அது பின்னால் கவிழும். பிஸ்கட் கொடுத்தேன். தின்றுவிட்டு "எங்கு" என்றாள். முறுக்கு கொடுத்தேன். அதைக் கடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு "எங்கு" என்றாள். அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"வேணாம் கண்ணு. கீழ சூடு. கால் சுட்டுடும்."

அவள் வண்டியிலிருந்து எட்டித் தரையைப் பார்த்தாள். "தூடு?"

"ஆமா. சூடு."

காலை மடக்கிக்கொண்டாள். அது மார்கழி மாதம். தரை சில்லென்று இருந்தது. எதிரே நாலைந்து பிள்ளைகள் வெறுங்காலோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், என்னை நம்பினாள். புல் வந்தபோது "தூடு?" என்றாள். "சூடு" என்றேன். மணல் வந்தது. "தூடு?" "சூடு." மதியத்துக்குள் அந்தப் பூங்காவின் தரை முழுவதையும் ஒரு இரண்டு வயதுக் குழந்தைக்குச் சுட வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் மச்சானுக்கு ராஜ உபசாரம். வீல்சேருக்கு எங்கேயும் வரிசை கிடையாது. பொம்மை ரயிலில் முதல் பெட்டி அவனுக்கு. அவன் கண் மட்டும் ஊதாக் குழாயிலேயே இருந்தது. பொறுக்க முடியாமல் பணிப்பெண்ணிடம், "யம்மா, அந்தச் சறுக்குல நம்மள உடுவாங்களா?" என்று கேட்டான். அவர் அன்பாக அங்கேயே தள்ளிக்கொண்டு போனார். படிக்கட்டின் கீழே நின்றிருந்த ஊழியர் மறுத்துத் தலையாட்டினார்.

"சாரி ஐயா. நடக்க முடியாதவங்கள மேல ஏத்தக் கூடாது."

"எனக்கு நடக்க..." என்று ஆரம்பித்த மச்சான் என்னைப் பார்த்தான். நான் குழந்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணால் கெஞ்சினேன்.

"...முடியாதுதான்" என்று முடித்தான்.

திரும்பி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், எந்தங்கச்சிய ஒனக்குக் கட்டிக் குடுத்தோம். எங்க வீட்டுக் கெணத்து மோட்டார ஒன் வீட்டுக்குக் குடுத்தோம். இப்ப என் ரெண்டு காலையும் எடுத்துக்கிட்ட."

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கடா."

"டவுசர் போட்டுக்கினு உள்ள உக்காந்திருக்கேன்டா, வேட்டிக்கு அடியில."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

சாப்பிட்டபின் குழந்தைகள் குளத்துக்குப் போனோம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். கரையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் காளான் மழை பொழிந்துகொண்டிருந்தது. கரையில் தாழ்வான சிமெண்ட் பெஞ்சு. தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது என்பது என் கட்டளைகளில் முதலாவது. ஆனால் மகள், "அப்பா, கொஞ்சம் உக்காருங்க, காலையிலேர்ந்து தள்ளிட்டே இருக்கீங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு குழந்தையை வாரிலிருந்து அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

தண்ணீருக்குப் பக்கத்தில் குழந்தையை இறக்கினாள். குழந்தை இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்தியது. "தூடு! தூடு!"

"என்னடி சூடு? தண்ணிடி, ஐஸ் மாதிரி இருக்கு பாரு!"

"தூடு!" அம்மாவின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதது. தண்ணீர் என்றால் வாளிக்குள் இறங்கிவிடுகிற குழந்தை அது. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "காய்ச்சல் வருதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, காளானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரம் ஆனது. மருமகன் தண்ணீரில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக ஒரு விரல், பிறகு ஒரு கால். கடைசியில் அவள் தண்ணீரில் உட்கார்ந்தாள். கையால் அடித்தாள். சிரித்தாள். நானும் மூச்சு விட்டேன்.

பிறகு அவள் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் இரண்டு முழங்காலில் ஊன்றினாள். முகத்தைச் சுருக்கினாள். அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். "அப்பனே... நத்தாஜா!" என்று சொல்லிக்கொண்டே, இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "இன்னொருவாட்டி, இன்னொருவாட்டி" என்றார்கள். அவளுக்கும் உற்சாகம். உட்கார்ந்தாள், எழுந்தாள். "அப்பனே நத்தாஜா!" மகளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மாசமா இப்புடித்தான்பா எந்திரிக்கறா. யார்கிட்ட கத்துக்கிட்டான்னே தெரியல."

"ஒங்க மாமாதான்" என்றேன். நினைக்காமலே வந்துவிட்டது. பாவம், அவன் தலையில் இன்னொன்று.

வீல்சேரிலிருந்து மச்சான் நிமிர்ந்தான். காலை முதல் அவன் தாங்கியது போதும் போலிருக்கிறது. "நானா? நான் எந்திரிக்கும்போது முருகான்னுதாம்மா சொல்லுவேன். திட்டக்குடியில யாரும்மா நடராஜான்னு சொல்லி எந்திரிக்கறா?"

உண்மைதான். முழங்கால் ஓய்ந்த வயதில் ஒவ்வொருவருக்கும் எழுந்திருக்க ஒரு சாமி உண்டு. நான் சிதம்பரத்துக்காரன். என் சாமி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டே நிற்கிறார். எனக்கு இரண்டையும் ஊன்றி நிற்க அவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மகள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்பா, எந்திரிச்சு இங்க வாங்க."

"எதுக்கும்மா?"

"வாங்களேன்."

எழ வேண்டும், சத்தம் வரக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். எதிரே குழந்தை வண்டி நின்றது. பழக்கத்தில் அதன் கைப்பிடியைப் பிடித்து முழு உடம்பையும் அதன்மேல் ஏற்றினேன். குழந்தை உள்ளே இல்லை என்பது நினைவுக்கு வந்தபோது முன் சக்கரங்கள் மேலே எழுந்துவிட்டன, கைப்பிடி கீழே போய்க்கொண்டிருந்தது, அதோடு நானும். வண்டியைத் தாண்டி முன்னால் ஒரு புரட்டு. கணுக்கால் தண்ணீரில், காளானுக்கு நேர் கீழே, பேண்ட் சட்டை கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். அடி படவில்லை. ஆனால் எழ முயன்றபோது என்னை மீறி, அந்தக் குளம் முழுவதும் கேட்கும்படி வந்தது: "அப்பனே, நடராஜா!"

பேத்தி கை தட்டினாள். தன் பாட்டைத் தாத்தாவும் பாடுகிறார் என்ற சந்தோஷம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து முனகினாள்.

"மச்சான்!" என்று ஒரு கத்தல். வீல்சேரிலிருந்து மச்சான் துள்ளி எழுந்தான். தடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தான். பணிப்பெண் வாயில் கை வைத்துக்கொண்டார். கம்மாபுரத்திலிருந்து வேனில் வந்திருந்த தேவாலயக் குழுவில் ஒரு அம்மாள் இரண்டு கையையும் உயர்த்தி, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்றார்.

மச்சான் என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். வீல்சேரில் உட்கார வைத்தான். தடியைத் தேடி எடுத்து என் மடியில் வைத்தான். பிறகு என் மகளிடம் சொன்னான்: "இந்தா பாரும்மா. தடி ஒங்கப்பாவோடது. வலி ஒங்கப்பாவோடது. இந்த வண்டியும் ஒங்கப்பாவோடது. என்னோடது இது ஒண்ணுதான்." வேட்டியை அவிழ்த்து என் தோளில் போட்டுவிட்டு, டவுசரோடு ஊதாக் குழாயை நோக்கி ஓடினான். ஊழியர் திகைத்து, "ஐயா, நீங்க நடக்க முடியாதுன்னு..." என்றது கேட்டது. "சரியாப் போச்சுப்பா, வழி உடு" என்று மச்சான் சொன்னதும் கேட்டது.

ஐந்து முறை சறுக்கினான். ஒவ்வொரு முறையும் மேலிருந்து "முருகா" என்று சத்தம் வந்தது.

மருமகன் இதையெல்லாம் போனில் படம் எடுத்திருந்தார். அது இன்றும் குடும்ப வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

மகள் துண்டால் என் தலையைத் துவட்டினாள். "எவ்வளவு நாளா வலி?"

"ஒன்றரை வருஷம்."

"முட்டி வலின்னா நான் பாப்பாவ விட மாட்டேன்னு நெனச்சீங்களா? ஒரு ஆள் வெச்சிருப்பேன் ஓடறதுக்கு. நீங்க உக்காந்து கதை சொன்னாப் போதும்னுதானப்பா நெனச்சேன். லூசு அப்பா." சிரித்துவிட்டாள். மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது. அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்தது முழங்கால் மட்டும்தான்.

அவளே கேட்டாள். "ஆனா இவ எதுக்குப்பா தூடு தூடுன்னு அப்புடிக் கத்துனா?"

பேத்தி என் மடியில் ஏறி, வீல்சேரின் பிரேக்கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு பாதமும் என் கையில் இருந்தன. சொன்னேன். இறங்கினால் வண்டி கவிழும், அதற்காகத் தரை சூடு என்று சொன்னேன், புல்லும் மணலும்கூடச் சூடு என்று சொன்னேன், காலையிலிருந்து பதினைந்து இருபது தடவை கேட்டாள், அத்தனை தடவையும் சொன்னேன்.

மகள் துவட்டுவதை நிறுத்தினாள். இதற்குச் சிரிக்கவில்லை. குழந்தையின் பாதத்தை என் கையிலிருந்து எடுத்து, வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள். "அவளுக்கு நீங்க என்ன சொன்னாலும் நிஜம்ப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் போனில் சொன்னாள். சிதம்பரத்திலேயே, அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு காப்பகத்தில் சேர்த்துவிட்டாளாம். "முட்டிக்காக இல்லப்பா" என்றாள். "தெரியும்மா" என்றேன்.

ஆனால் நாலு மணிக்கு மேல் நான் அங்கே போய் உட்காரலாம் என்று ஏற்பாடு செய்திருந்தாள். தினமும் ஆட்டோவில் போகிறேன். தடியை ஒளிப்பதில்லை. முற்றத்தில் எனக்கென்று உயரமான நாற்காலி ஒன்று போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் மச்சானும் வருவான். பிள்ளைகள் பின்னால் ஓடுவது அவன் வேலை, எழும்போது முனகுவது என் வேலை. இப்போது அந்தக் காப்பகத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் நடராஜரைக் கூப்பிட்டுத்தான் எழுகிறார்கள். அவர்களின் பெற்றோர் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை எழுத வேண்டாம்.

முதல் சில வாரங்கள், முற்றத்தில் இறங்கும் முன் பேத்தி ஒரு கட்டைவிரலை மட்டும் சிமெண்டில் வைத்து, என்னைப் பார்த்து, "தூடு?" என்பாள். "இல்ல கண்ணு, சில்லுன்னு இருக்கு" என்பேன். இறங்கி ஓடி வருவாள். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் சித்திரை வெயில். நாலரை மணிக்கும் முற்றம் கொதித்தது. செருப்பில்லாமல் வாசற்படிக்கு வந்து நின்றாள். நான் நாற்காலியிலிருந்தே, "வராத கண்ணு, சூடு! நிஜமாவே சூடு!" என்று கத்தினேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, உள்ளே இருந்த ஆயாவிடம், "தூடா?" என்று கேட்டாள்.